பேயோடு பேரம் பேசாத படங்கள்

தமிழில் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த பேய்ப்படங்களை எடுத்துக்கொண்டால், பேயோட்டும் காட்சி ஏறக்குறைய ஒரே வார்ப்பில்தான் இருக்கிறது. கதவு சாத்திய அறை, தரையில் மாவுக்கோலம், நடுவில் கட்டிப்போட்ட பெண், எதிரே உருத்திராட்சம் போட்ட ஒருவர். அவர் சமஸ்கிருதத்தில் கத்துவார். அவள் ஆண்குரலில் கத்துவாள். விளக்குகள் வெடிக்கும், யாராவது ஒருவர் சுவரில் மோதி விழுவார், நான்கு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். தக்கலை, குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் கொடைவிழா (ஊர்த் தெய்வத்துக்கு எடுக்கும் விழா) பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் உள்ள ஓட்டை உடனே தெரியும். அந்த நான்கு நிமிடத்தில் ஒருவர்கூடப் பேயிடம் "ஒனக்கு என்ன வேணும்?" என்று கேட்பதில்லை.

நாட்டார் முறையில் அந்தக் கேள்விதான் சடங்கு. கொட்டு, புகை, களம், குருதி எல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்கவும், அதற்குப் பதில் வரவும் வழி செய்து கொடுப்பவை. சினிமா சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு பேச்சை விட்டுவிட்டது. அதனால்தான் எவ்வளவு செலவு செய்தாலும் அந்தக் காட்சி சண்டைக்காட்சி மாதிரியே முடிகிறது.

தமிழ்நாடும் கேரளமும் சேரும் எல்லைப் பகுதியில் இந்த முறை எப்படி நடக்கிறது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் பார்வை. மேற்கே, கேரளப் பக்கம் போனால் பிரசினம் வைப்பார்கள், அதாவது சோழி வைத்துக் கேள்விக்கு விடை பார்க்கும் சோதிடம். அஷ்டமங்கலப் பிரசினத்தில் 108 சோழிகளை மூன்று குவியலாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் எட்டெட்டாகக் கழித்து, மிஞ்சுகிற எண்களை வைத்துப் பலன் சொல்வது ஒரு பகுதி. கிழக்கே, நாஞ்சில் நாட்டுப் பக்கம், கோமரத்தாடிக்கு, அதாவது சாமியாடுகிறவருக்கு, அருள் வரும்போது கேட்பார்கள். இல்லாவிட்டால் வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவரிடம் போவார்கள். எந்த வழியானாலும் வேலை ஒன்றுதான்: குடும்பத்தின் வாயைத் திறப்பது. வீட்டில் யார் அகாலமாகச் செத்தார்கள், எந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றது, எந்தப் பங்குச் சொத்தில் வழக்கு, குலதெய்வத்துக்குக் கொடை கொடுத்து எத்தனை வருசம் ஆயிற்று. நல்ல பார்வைக்காரர் தாம் சொல்வதைவிட அதிகம் கேட்பார். மாமியார் ஒன்று சொல்வார், மருமகள் வேறொன்று சொல்வார், தாய்மாமன் நடுவில் புகுந்து இரண்டையும் மறுப்பார். திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. ஆனால் படங்களில் இந்த இடத்தில் கதாநாயகன் நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாளைப் புரட்டுகிறான்.

இரண்டாவது, இடம். கதவு சாத்திய அறை என்பதே தப்பு. வீட்டு முற்றத்திலோ, கோயில் முன்னாலோ, ஊர் பார்க்கத்தான் இது நடக்கும். காரணம் எளிது. கடைசியில் பேய் ஒரு சத்தியம் செய்யப்போகிறது. சத்தியத்துக்குச் சாட்சி வேண்டும். பெண்ணின் தாய்மாமன் இல்லாமல் தொடங்கமாட்டார்கள் என்று சில குடும்பங்களில் பிடிவாதமே உண்டு. செவ்வாய், வெள்ளி, அமாவாசை என்று நாள் பார்ப்பார்கள். பெரும்பாலும் விளக்கு வைத்த பிறகுதான்.

மூன்றாவது, கொட்டு. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் படங்கள் அதிகம் கெடுப்பது இதைத்தான்.

குமரியிலும் தென்திருநெல்வேலியிலும் மாடன், இசக்கி, வாதை என்று சொல்லப்படுகிற தெய்வங்களுக்கு வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் உண்டு. வில்லுப்பாட்டில் வில்லின் நாணை வீசுகோலால் அடிப்பார்கள். வில்லில் கட்டிய வெண்கல மணிகள் அதோடு சேர்ந்து ஒலிக்கும். மண்குடத்தின் வாயைப் பத்தி என்னும் மட்டையால் அறைவார்கள், உடுக்கும் தாளமும் சேரும். கணியான் கூத்தில் மகுடம் என்னும் பறைகள்: ஒன்று உச்சம், ஒன்று மந்தம். இரண்டிலும் ஒரே சூத்திரம். கதை மெதுவாகத் தொடங்கும். காப்பு, குருவடி, அவையடக்கம் என்று முறை தவறாமல் போகும். தெய்வம் மனுசியாக இருந்து கொலைப்பட்ட கட்டத்தை நெருங்கும்போது அடி நெருக்கமாகும். கோமரத்தாடியின் கால் விரல் முதலில் அசையும், பிறகு முழங்கால், பிறகு தோள். பாடுகிறவர் அதைப் பார்த்துக்கொண்டே பாட்டை நீட்டுவார், சுருக்குவார், அதே அடியைத் திருப்பித் திருப்பி அடிப்பார். அருள் வருவது கொட்டுக்காரருக்கும் ஆடுகிறவருக்கும் இடையில் நடக்கும் ஒப்பந்தம். பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணை ஆடவைப்பதும் இதே வழியில்தான். உடுக்கைக் கொண்டுவந்து தலைக்குமேல் இரண்டு அடி அடித்ததும் ஆடிவிடமாட்டாள். ஒரு மணி நேரம்கூட ஆகலாம்; சில நாள் ஆடவே மாட்டாள், எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போவார்கள்.

படம் எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மகுடம் தோல் கருவி. குமரியில் இரண்டு பருவமழையும் பெய்யும், காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும். தோல் தளர்ந்தால் குரல் இறங்கிவிடும். அதனால் பக்கத்தில் வைக்கோலைக் கொளுத்தி அடிக்கடி காய்ச்சுவார்கள். படப்பிடிப்புத் தளத்தில் நேரடி ஒலிப்பதிவு என்றால், முதல் டேக்குக்கும் ஐந்தாவது டேக்குக்கும் சுருதி மாறியிருக்கும், வெட்டி ஒட்டினால் காது கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் காய்ச்ச நேரம் ஒதுக்குங்கள், அல்லது கொட்டு முழுவதையும் ஒரே மூச்சில் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இதைவிட முக்கியம், கேள்வி கேட்கும்போது கொட்டு நின்றுவிடும். முழுசாக நின்றுவிடும். நூறு பேர் கூடிய முற்றத்தில் அந்தப் பெண்ணின் மூச்சு மட்டும் கேட்கும். நம் படங்களில் சரியாக அந்த இடத்தில்தான் பின்னணி இசை கூரையைப் பிய்க்கிறது.

இனி, கேள்விகள். ஊருக்கு ஊர் சொற்கள் மாறும், வரிசை பெரும்பாலும் மாறாது. நீ ஆரு? எந்த ஊரு? இவள எங்க வச்சுப் பிடிச்ச? எதுக்குப் பிடிச்ச? ஒனக்கு என்ன வேணும்? குடுத்தா எப்ப போவ? போனதுக்கு என்ன அடையாளம் காட்டுவ? இந்த ஏழு கேள்விகளையும் வரிசையாகப் பார்த்தால் ஒரு விசாரணையும் ஒரு பஞ்சாயத்தும் சேர்ந்தது போலிருக்கும். முதல் கேள்விக்குப் பொய்தான் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். பேய் முதலில் பெரிய தெய்வத்தின் பெயரைச் சொல்லும், ஏமாற்றும், சிரிக்கும். ஓட்டுகிறவர் அப்போது அதட்டுவார். இசக்கி என்று தெரிந்தால் உடனே குரல் தணிந்து "தாயே" என்பார். இந்த மாற்றத்தை நடிகரிடம் வாங்க முடிந்தால் பாதிக் காட்சி கையில் வந்துவிட்டது.

"எங்க வச்சுப் பிடிச்ச" என்ற கேள்விக்கு வரும் பதில்கள் கவனிக்க வேண்டியவை. ஆற்றங்கரை, பனங்காடு, நடுப்பகல், கொழுக்கட்டையோ கறியோ கொண்டு தனியாக நடந்த வழி. அதாவது பெண் தனியாக இருந்த இடங்கள். "எதுக்குப் பிடிச்ச" என்பதற்கு வரும் பதில்கள் இன்னும் கூர்மையானவை. அவள் சாதாரண நாளில் வாய் திறந்து சொல்ல முடியாத சங்கதியைப் பேய் மாமனார் முன்னாலேயே சொல்லும். நகையைப் பிடுங்கிக்கொண்டது, புருசன் கையை ஓங்கியது, தாய்வீட்டுக்கு விடாதது. பேய் சொன்னதற்கு அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஊர் கேட்டுவிட்டது. பேயோட்டத்தைப் பற்றி எழுதிய மானுடவியலாளர்கள் பலரும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

அடுத்தது பேரம். பேய் முதலில் உயிர் கேட்கும். ஓட்டுகிறவர் ஆடு என்பார், பிறகு கோழி, பிறகு முட்டை. கேரள முறையில் குருதி, அதாவது இரத்தத்துக்குப் பதிலாக வைக்கும் சிவப்பு நீர். இங்கே தடியங்காய் (நீர்ப்பூசணி). உள்ளே குங்குமம் அடைத்து வெட்டினால் தலை உருண்ட கணக்கு. பேரத்தின் அடிப்படை ஒன்றே: ஆளுக்குப் பதில் பொருள். கேட்டதைக் கொடுத்தது போலவும் இருக்க வேண்டும், யாரும் சாகவும் கூடாது.

குருதி பற்றிச் செய்முறையாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் கலை இயக்குநர்கள் பலர் சிவப்புச் சாயம் கரைத்து வைத்துவிடுகிறார்கள், அது கேமராவில் சர்பத் மாதிரித் தெரிகிறது. உண்மையான குருதி மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தில் பட்டால் சிவக்கும், சுண்ணாம்பு கடுங்காரம். பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் நல்ல மஞ்சள்பொடியைக் கரைத்துக்கொண்டு, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கி, கலக்கிக் கலக்கி, வேண்டிய சிவப்பு வரும்வரை சேர்க்கலாம். பொதுவாகத் தப்புவது இரண்டு இடங்களில். காலையிலேயே கலந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் நிறம் பழுப்பேறிச் செத்துப்போகும், ஏனென்றால் காரத்தில் அந்த நிறப்பொருள் விரைவில் சிதைகிறது. டேக்குக்குச் சற்று முன்னால்தான் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இரண்டாவது, அதே தளத்தில் எலுமிச்சம்பழம் பிழிகிற காட்சி இருந்தால் சாறு பட்ட இடமெல்லாம் மறுபடி மஞ்சளாகும். உடைக்காரருக்கு ஒரு வார்த்தை: வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் கறையைச் சோப்புப் போட்டால் அது சிவந்து நிற்கும், பயப்பட வேண்டாம், வெயிலில் போட்டால் போகும். கண்ணில் பட்டால் மட்டும் சுண்ணாம்பு விளையாட்டில்லை. உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், நடிகையின் முகத்தில் ஊற்றும் காட்சிக்கு இந்தக் கலவையைப் பயன்படுத்தவே கூடாது.

எறணாகுளம் பக்கத்தில் சோற்றானிக்கரை பகவதி கோயிலின் கீழ்க்காவில் இரவு நடக்கும் வலிய குருதிக்கு இத்தகைய குருதிநீர் பன்னிரண்டு பாத்திரங்களில் வைக்கப்படுகிறது. மனக்கோளாறு, பேய் பிடித்தது என்று கொண்டுவரப்படுகிறவர்கள் அந்த நேரத்தில் ஆடுவதும், அங்குள்ள பாலைமரத்தில் ஆணி அறைவதும் பலரும் அறிந்தது. நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் அங்கே போய்ப் பஜனம் இருக்கிறவர்கள், அதாவது கோயிலில் தங்கி வழிபடுகிறவர்கள், உண்டு.

களத்தைப் பற்றிச் சுருக்கமாக. கேரளத்தில் நாகப்பாட்டுப் பாடும் புள்ளுவர்கள் தரையில் பொடியால் வரையும் களத்தின் ஐந்து நிறங்கள்: அரிசிமாவு வெள்ளை, மஞ்சள்பொடி மஞ்சள், கரித்த உமி கறுப்பு, பச்சிலைப்பொடி பச்சை, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்த சிவப்பு. வரைய மணிக்கணக்கு. கையில் கமுகம்பாளை பிடித்த பெண்கள் ஆடி வந்து அதை அழிப்பதுதான் முடிவு. அழித்துவிட்டால் இரண்டாவது டேக் கிடையாது. மூன்று கேமரா இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

வெளியேற்றம். பேய் உச்சிமுடியில் நிற்கிறது என்பது கணக்கு. ஒரு கொத்து முடியை முடிச்சுப் போட்டு, சத்தியம் வாங்கி, தலையில் கல்லை ஏற்றி மரத்தடிவரை நடத்தி, முடியை அறுத்து மரத்தோடு சேர்த்து ஆணி அடிப்பார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் புளியமரம், கேரளத்தில் பாலை. ஏன் இரும்பு என்றால், இந்தப் பக்கத்துக் கதையொன்றே பதில். பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையிலான வழியில் ஒரு யட்சி நின்று, போகிறவர்களிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கொடுத்தவன் திரும்பமாட்டான். மந்திரவாதம் தெரிந்த கிறித்தவப் பாதிரியாரான கடமற்றத்துக் கத்தனார் சுண்ணாம்பை இரும்பாணியின் நுனியில் வைத்து நீட்டினார், ஆணியை அவள் தலையில் ஏற்றி அடக்கினார், வேலைக்காரியாகக் காயங்குளத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு கிழவி பேன் பார்க்கிறபோது ஆணி தட்டுப்பட, பாவம் என்று பிடுங்கிவிட்டாள். கொட்டாரத்தில் சங்குண்ணி ஐதிஹ்யமாலை என்ற மலையாளக் கதைத்தொகுப்பில் எழுதிவைத்த கதை இது. கடைசியில் அந்த யட்சிக்குப் பனையன்னார் காவு என்ற கோயிலில் இடம் கிடைக்கிறது. அதை நினைவில் வையுங்கள்: ஆணி தற்காலிக ஏற்பாடு, இடம்தான் நிரந்தர ஏற்பாடு.

குமரி மாவட்டம் முழுக்க இந்தக் கணக்குத்தான். ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் இசக்கிக்குக் கோயில். மேலாங்கோட்டில் இயக்கிகள். அநியாயமாகக் கொல்லப்பட்டவள் முதலில் ஊரைப் படுத்துவாள், பிறகு நிலையம், அதாவது தனக்கென ஒரு கோயிலிடம், கேட்பாள், கொடுத்தால் அதே ஊரைக் காப்பாள். பிள்ளை வரம் கேட்டு மண்பொம்மை வைக்கிற அதே சன்னிதியில் அவள் வாயில் குழந்தையைக் கடித்துக்கொண்டு நிற்பாள். பேய், சாமி என்று இரண்டு பெட்டி கிடையாது. இடம் கிடைத்ததா இல்லையா என்பதே வேறுபாடு.

உடம்பு என்ன செய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் நடிகைகளிடம் "பயங்கரமா ஆடு" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். வேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும், இரத்தம் காரமாகும், சுண்ணச்சத்தின் (கால்சியத்தின்) செயல்படும் பங்கு இறங்கும். அதன் விளைவாக விரல்கள் ஒட்டிக்கொண்டு உள்நோக்கி மடங்கும், மணிக்கட்டு வளையும், உதட்டைச் சுற்றி மரத்துப்போகும். பேய் பிடித்தவளின் கை கூர்நகம் காட்டி வளைவதாகப் படங்கள் காட்டுவது இதன் மிகைதான். ஒப்பனைக்காரர் நகம் ஒட்டத் தேவையே இல்லை. நடிகை உண்மையிலேயே அப்படி மூச்சு வாங்கினால் மயங்கி விழுவாள் என்பதால் கையை மட்டும் கற்றுக்கொடுங்கள். மிளகாய் வற்றல் புகை காட்டும் காட்சியில் வற்றலைக் கொளுத்தவே வேண்டாம்; இழுப்புள்ள ஒருவர் தளத்தில் இருந்தால் ஆஸ்பத்திரிதான். சிரட்டைக்கரியில் சாம்பிராணி போட்டுச் சாத்திய அறையில் பல மணி நேரம் வைப்பது அதைவிட மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

படத்துக்கு வெளியே இது வேறு விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு, 2022 முதல் நடப்பில் இருப்பது, ஆவேசக் கோளாறு என்ற ஒன்றை வைத்திருக்கிறது; ஆனால் சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக வரும் அருளை அது நோயாகக் கொள்வதில்லை. கோமரத்தாடி நோயாளி இல்லை என்று ஊர் எப்போதோ முடிவு செய்ததும் அதுதான். ஆனால் எல்லா ஆட்டமும் ஒன்றல்ல. நாக்கின் ஓரம் கடிபட்டு, சிறுநீர் போய், முடிந்தபின் குழம்பிக் கிடந்தால் அது வலிப்பாக இருக்கலாம். கையில் சாவியைக் கொடுத்துப் பயனில்லை. இளம்பெண்ணுக்குச் சில நாட்களில் பேச்சும் நடத்தையும் தலைகீழாகி, முகமும் வாயும் தானே கோணி அசைந்து, காய்ச்சலும் சேர்ந்தால் மூளை அழற்சியாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒருவகையை 2007இல்தான் மருத்துவர்கள் தெளிவாக அடையாளம் கண்டார்கள். சிலருக்குச் சினைப்பையில் உள்ள கட்டியே காரணம். நேரத்தில் கண்டால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். அந்தப் பெண்ணை நாற்பத்தொரு நாள் எங்காவது உட்காரவைத்தால் செத்தும் போகலாம்.

கட்டிவைப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கிலி இல்லாமல் ஒரு பேய்ப்படமும் கிடையாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் செத்தார்கள். 2017இன் மனநலச் சட்டம் 95ஆம் பிரிவில் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தீவிபத்துக்குப் பிறகு ஏர்வாடி தர்காவில் துவாவும் (பிரார்த்தனையும்) மருந்தும் பக்கம் பக்கமாகக் கிடைக்க அரசே ஏற்பாடு செய்தது. கோயிலுக்குப் போகாதே என்று சொல்லி எந்த மருத்துவரும் எல்லைப் பகுதியில் வென்றதில்லை, போய்விட்டு வா, மாத்திரையை நிறுத்தாதே என்பவரிடம்தான் கூட்டம் நிற்கிறது. மனநல உதவிக்கு அரசின் இலவசத் தொலைபேசி எண் 14416.

இப்போது 1993இல் பாசில் இயக்கிய மலையாளப் படமான மணிச்சித்ரதாழுக்கு வரலாம். மது முட்டம் எழுதியது. பேய் இல்லை, மனநோய்தான் என்று சொல்லும் படம். சோபனாவுக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்த படம். ஆனால் நாட்டார் பேயோட்டத்தின் இலக்கணத்தை மேலே சொன்ன வரிசையிலேயே பின்பற்றிய படமும் இதுதான்.

மனநல மருத்துவர் சண்ணி முதலில் செய்வது பார்வை. வீட்டில் ஒவ்வொருவரிடமும் பேச்சுக் கொடுக்கிறார், சந்தேகம் ஸ்ரீதேவி மேல் விழ விடுகிறார், உண்மையில் நாகவல்லியாக ஆடுவது நகுலனின் மனைவி கங்கா என்று கண்டுபிடிக்கிறார். நாகவல்லி யார்? தஞ்சாவூர் நாட்டியக்காரி. எதற்குப் பிடித்தாள்? காதலித்தவனிடம் போகவிடாமல் அந்த வீட்டின் பழைய தலைவன் சங்கரன் தம்பி கொன்றான். என்ன வேண்டும்? அவன் உயிர். எப்போது? துர்க்காஷ்டமி. முக்கியமான கேள்விகள் எல்லாம் விடையோடு வந்துவிட்டன. கங்கா முதன்முதலில் நம் கண்ணெதிரே நாகவல்லியாக மாறும் காட்சி எது என்று நினைத்துப் பாருங்கள். நகை வாங்க வெளியே போகிறேன் என்கிறாள், நகுலன் போகவேண்டாம் என்கிறான். தாய்வீட்டுக்கு விடவில்லை என்று முற்றத்தில் கத்துகிற பேய்க்கும் இவளுக்கும் ஒரே வாய்.

உச்சக்கட்டத்தில் மந்திரவாதி பிரம்மதத்தன் நம்பூதிரிப்பாடு களத்தில் இருக்கிறார், ஊர் கூடியிருக்கிறது. பேரம் முடிந்து பதில்பொருள் வருகிறது: அவள் கண்ணுக்குச் சங்கரன் தம்பியாகத் தெரிகிற, பலகையில் கிடக்கும் நகுலனைப் பலகையோடு புரட்டி, அந்த இடத்தில் பொம்மையை வைத்து, நாகவல்லியை வெட்டவிடுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து மருத்துவர் வந்து செய்த வைத்தியம், தடியங்காய் வெட்டு. அறிவியல்படி இது சிகிச்சையே இல்லை என்று மனநல மருத்துவர்கள் பல தடவை சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்வது சரி. நோயாளி கேட்ட கொலையை நடித்துக் காட்டினால் நோய் போகாது. ஆனால் காட்சி ஏன் முப்பது வருசமாக வேலை செய்கிறது என்பதற்கு விடை மருத்துவத்தில் இல்லை, கீழ்க்காவில் இருக்கிறது.

1973இன் அமெரிக்கப் படம் எக்சார்சிஸ்ட் வேறு மரபு. 1614இன் ரோமானியச் சடங்கு நூல் பேயின் பெயரையும் புகுந்த காரணத்தையும் கேட்கச் சொல்கிறது, வீண்பேச்சு கூடாது என்கிறது, பேரம் என்பதே இல்லை. படத்தில் இரண்டு பாதிரியாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள், தோற்கிறார்கள். கடைசியில் அவர்களில் ஒருவரான கராஸ் என்ன செய்கிறார்? பெண்ணை விட்டு என்னை எடுத்துக்கொள் என்கிறார். ஆளுக்கு ஆள் பதில். கத்தோலிக்கச் சடங்கால் முடியாததை நாட்டார் சடங்கு முடித்துவைக்கிறது என்று குமரிக்காரர் ஒருவர் சொன்னால் சண்டைக்கு வரமுடியாது.

எல்லையில் இருப்பவர்களுக்கு மட்டும் உறைக்கும் ஒரு வேடிக்கையும் உண்டு. மலையாளப் படத்தில் பேய் தமிழ் பேசியது. தமிழில் 2005இல் சந்திரமுகி ஆனபோது பேய் தெலுங்கு பேசியது. அதற்கு முந்தின ஆண்டு வந்த கன்னட வடிவத்திலும் தெலுங்குதான். 2007இல் இந்தியில் எடுத்தபோது வங்காளம். பேய் எப்போதும் பக்கத்து வீட்டு மொழியில்தான் பேசும் போலிருக்கிறது. மலையாளப் படத்தின் ஒரு பகுதியை எடுத்த பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு மண்ணில், கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. 1956 நவம்பர் 1க்குப் பிறகு கல்குளம் தாலுகா இந்தப்பக்கம் வந்தது, அரண்மனை நிர்வாகம் அந்தப்பக்கமே நின்றது. அங்கே தமிழ் பேசும் நாட்டியக்காரியை அந்நியப் பேயாகக் கண்டு பயப்படுவது, தக்கலைச் சந்தையில் மீன் வாங்கிவிட்டுப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும்.

நாஞ்சில் நாட்டுக் கணக்கில் படத்தின் குறை வேறு. கேள்வி கேட்டார்கள், பேரம் பேசினார்கள், பதில்பொருள் கொடுத்தார்கள். நிலையம் கொடுக்கவில்லை. வேற்றூரிலிருந்து கொண்டுவந்து அடைத்து, காதலைப் பறித்து, வீட்டுக்குள்ளேயே கொன்ற பெண்ணுக்கு கதை நடக்கும் மாடம்பள்ளி வீட்டு வளாகத்தில் ஒரு பீடம் இல்லை, ஒரு விளக்கு இல்லை, வருசத்துக்கு ஒரு கொடை இல்லை. வைக்கோல் பொம்மை ஒன்றை வெட்டவிட்டு, கணவனும் மனைவியும் காரேறிப் போய்விட்டார்கள். மேலாங்கோட்டுப் பக்கத்து மந்திரவாதி எவரும் இதை முடிந்த வேலை என்று சொல்லமாட்டார். திரும்ப வருவாள் என்பார். 2010இல் கன்னடத்திலும் அதே ஆண்டில் தெலுங்கிலும் 2023இல் தமிழிலும் வந்தாள்.